அண்ணல் அம்பேத்கரும் வரிக் கணக்கும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை இம்மலருக்கு எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். அண்ணலைச் சட்ட மேதையாகவும் சமூகப் புரட்சியாளராகவும் அறியாதார் நம்மிடையே இலர். மகத் குளத்துப் போராட்டமும், பூனா ஒப்பந்தமும், நாகபுரித் தீட்சையும் நம் மேடைகள்தோறும் பேசப்படுகின்றன. ஆயின், அவர் முதன்முதலில் ஆழ்ந்து கற்ற கல்வி சட்டம் அன்று, பொருளியல் ஆகும். அதிலும் அரசின் வரவு செலவையும் வரிவிதிப்பையும் ஆராயும் பொதுநிதித் துறையே அவருக்கு முதல் முனைவர் பட்டத்தை ஈட்டித் தந்தது. அரசு யாரிடமிருந்து வரி வாங்குகிறது, எவ்வளவு வாங்குகிறது, வாங்கியதை யாருக்காகச் செலவிடுகிறது என்னும் மூன்று வினாக்கள் அவர்தம் இளமைக்கால ஆராய்ச்சி முழுவதையும் தாங்கி நிற்கின்றன.

இப்பகுதியை எடுத்துரைக்க வேண்டிய தேவை இன்று நமக்கு உண்டு. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர் எனப் பரந்து கிடக்கும் நம் வட்டாரத்தில், குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெறும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். ரயில்வேயிலும், பள்ளிகளிலும், காவல் துறையிலும், சானடோரியம் ஏற்றுமதி வளாகத்திலும், மென்பொருள் நிறுவனங்களிலும் அவர்கள் பணியாற்றுகின்றனர். வேலையைத் திறம்படச் செய்யும் இவர்களுள் பலர், வருமான வரி என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி ஒதுங்கி, தம் கணக்கை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிடுகின்றனர். அண்ணலின் வாழ்க்கை இவ்வச்சத்துக்கு மருந்தாகும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

பீமராவ் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் படைமுகாமில், ராம்ஜி சக்பால், பீமாபாய் இணையரின் பதினான்காவது மகவாகப் பிறந்தார். தந்தையார் படையில் சுபேதார். படைப்பள்ளி ஆசிரியராகவும் விளங்கியவர். பள்ளியில் சாக்கின்மேல் தனியே அமர்ந்ததும், பிறர் ஊற்றினாலன்றித் தண்ணீர் அருந்த இயலாதிருந்ததும் நாம் அறிந்த செய்திகள். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறிய பீமராவ், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 25 ரூபாய் உதவியுடன் மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அவர் எடுத்த பாடங்களும் பொருளியலும் அரசியலுமே ஆகும்.

1913-இல் அதே மன்னர், மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை வழங்கி, அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூலையில் இருபத்திரண்டு வயது இளைஞராக அவர் நியூயார்க் நகரில் கால் வைத்தார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான், வருமான வரி விதிக்கும் அதிகாரத்தை ஐக்கிய அரசுக்கு உறுதிப்படுத்திய பதினாறாவது திருத்தம் அமெரிக்க அரசியலமைப்பில் இடம்பெற்றிருந்தது. அக்டோபரில் வரிச்சட்டமும் நிறைவேறியது. தனிநபர் வருமானத்தில் 3,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு ஒன்று என்று தொடங்கி, பெருஞ்செல்வர்க்கு நூற்றுக்கு ஏழு வரை உயர்ந்த படிநிலை வரி அது. எளியவனை விட்டுவிட்டு, ஏற ஏறக் கூடுதலாக வாங்குதல் என்ற அந்நெறிக்காகப் பல்லாண்டு எழுதியும் வாதிட்டும் வந்த அறிஞருள் தலையாயவர் பேராசிரியர் எட்வின் செலிக்மன். கொலம்பியாவில் அண்ணலுக்கு ஆசானாக வாய்த்தவர் அவரே.

ஆசானிடம் கற்ற கண்ணோட்டத்தை மாணவர் தம் நாட்டின்மீது திருப்பினார். கொலம்பியாவில் பொருளியலில் மட்டும் 29 பாடங்களைப் பயின்றார். 1915-இல் எம்.ஏ. பட்டத்துக்கென அவர் எழுதிய ஆய்வு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியையும் நிதியையும் பற்றியது. நிலவரி, உப்பு வரி, அபினி வருவாய், சுங்கம் எனக் கம்பெனியின் கஜானா நிரம்பிய வழிகளையெல்லாம் அதில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஆராய்ந்தார். உழவனின் நிலமும் உழைப்பாளியின் உப்பும் சுமந்த பாரம் அவ்வாய்வில் புலப்படுகிறது.

அடுத்து அவர் மேற்கொண்ட பேராய்வு, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றியதாகும். 1833 முதல் 1921 வரை மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வரிப்பணம் பிரிக்கப்பட்ட வரலாற்றை அவர் மூன்று கட்டங்களாக வகுத்தார். 1871 முதல் 1877 வரை மத்திய அரசு ஒரு தொகையை ஒதுக்கித் தந்த காலம். 1877 முதல் 1882 வரை சில வருவாய்களையே மாகாணங்களிடம் ஒப்படைத்த காலம். 1882 முதல் 1921 வரை வருவாயை இருவரும் பங்கிட்டுக்கொண்ட காலம். எண்களால் நிறைந்த இந்நூலினூடே, ஏழையின்மீது வரியைச் சுமத்திவிட்டு, திரட்டிய பணத்தைக் கல்விக்கும் பொதுநலத்துக்கும் செலவிடாமல் படைக்கும் நிர்வாகத்துக்குமே மிகுதியாகச் செலவிட்ட ஆட்சியின் இயல்பு தெளிவாக வெளிப்படுகிறது. 1925-இல் இந்நூல் வெளிவந்தபோது, செலிக்மன் அவர்களே அதற்கு முன்னுரை வழங்கினார். கொலம்பியா 1927-இல் முனைவர் பட்டத்தை முறைப்படி அளித்தது.

இன்னலும் விடாமுயற்சியும்

1916-இல் இலண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டப் பயிலகத்திலும் சேர்ந்த அண்ணல், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவருடைய நூல்களை ஏற்றி வந்த கப்பல் போர்க்காலத்தில் தாக்குண்டு மூழ்கியது. ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் அமர்ந்தார். மன்னர் அவரைப் பின்னாளில் நிதியமைச்சராக்கும் எண்ணத்துடன் படைத்துறைச் செயலாளராக நியமித்தார். ஆயின், அலுவலக ஏவலர்களோ கோப்புகளைக் கையில் கொடுத்தால் தீட்டு என்று மேசைமீது எறிந்தனர். தங்கியிருந்த விடுதியிலிருந்தும் அவர் விரட்டப்பட்டார். ஒரு நாட்டின் நிதியை ஆளும் அறிவு படைத்தவருக்கு அந்நகரில் இரவு தங்க ஒரு கூரை கிட்டவில்லை.

மும்பை திரும்பியவர், பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தும், பங்கு முதலீடு பற்றி ஆலோசனை வழங்கியும் வாழ முயன்றார். அவருடைய சாதியை அறிந்ததும் ஆலோசனை கேட்க வந்தோர் நின்றுபோயினர். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். அங்கும், பொதுக் குடத்தில் அவர் தண்ணீர் அருந்துவதற்கு உடனாசிரியர் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். எனினும் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் பெற்று, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921-இல் எம்.எஸ்சி. பட்டம், அதற்கான ஆய்வும் மாகாணங்களுக்கு நிதியைப் பரவலாக்குதல் பற்றியதே. 1923-இல், ரூபாயின் சிக்கலை ஆராய்ந்த நூலுக்காக டி.எஸ்சி. பட்டம். நாணயத்தின் வாங்கும் ஆற்றல் நிலையாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். 1925 டிசம்பரில், இந்திய நாணயம் பற்றி ஆராய வந்த அரச ஆணையத்தின்முன் அவர் சாட்சியம் அளித்தார். அதே ஆண்டு முதல் 1928 வரை, மும்பையில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். கணக்கெழுதக் கற்கும் இளைஞர்களுக்கு அண்ணல் ஆசிரியராக இருந்தார் என்பது, கணக்குப் பதிவியல் பயிலும் நம் மாணவர்கள் பெருமிதத்துடன் நினைவிற்கொள்ளத் தக்கது.

வரிப் பதிவேட்டில் இல்லாத பெயர்

அண்ணல் வரியைப் பற்றி ஏன் இத்துணை ஆழ்ந்து சிந்தித்தார் என்பதை உணர, நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கே நிலவரி செலுத்துவோர் பட்டியலில் மிராசுதாரர் பெயரே மேலோங்கி இருந்தது. உழுதவனும் நட்டவளும் அறுத்தவரும் நம் முன்னோர். ஆயினும் பட்டா அவர்கள் பெயரில் இல்லாமையால், வரி செலுத்தியவராக அவர்கள் எண்ணப்படவில்லை. தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்துப் பட்டா பெற அவர்கள் முயன்றபோது, மிராசு உரிமை குறுக்கே நின்றது. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இக்கொடுமையை விரிவாக எழுதி அரசுக்கு அறிக்கை அளித்தார். நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை அடுத்த ஆண்டு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றளவும் நாம் பேசும் உரிமையின் தொடக்கம் இதுவே.

வரிப் பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்கு நிலம் மட்டுமன்றி வாக்கும் இல்லாது போயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி, குறிப்பிட்ட அளவு நிலவரியோ வருமான வரியோ நகராட்சி வரியோ செலுத்தியவர்க்கும், இவை போன்ற சில தகுதி உடையார்க்குமே வாக்குரிமை கிட்டியது. உப்பு வாங்கும்போதெல்லாம் வரி கட்டிய ஏழை, வரி செலுத்துவோன் என்று கருதப்படவில்லை. 1919 ஜனவரியில் வாக்குரிமைக் குழுவின்முன் சாட்சியம் அளித்த அண்ணல், தாழ்த்தப்பட்டோருக்கு வாக்குரிமைத் தகுதியைத் தளர்த்த வேண்டுமென வாதிட்டார். 1928-இல் சைமன் ஆணையத்துக்கு அளித்த அறிக்கையில், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரினார்.

1930-இல் இலண்டனில் வட்டமேசை மாநாடு கூடியபோது, தாழ்த்தப்பட்டோரின் சார்பில் அண்ணலுடன் அமர்ந்தவர், நம் மாவட்டத்து மதுராந்தகம் பகுதியில் கோழியாளம் என்னும் சிற்றூரில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனார் ஆவார். இளமையில் நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய பெருமகனார் அவர். இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டு அளித்த கோரிக்கையில், வயது வந்தோர் வாக்குரிமையும் இடம்பெற்றது. வரி செலுத்தும் அளவுக்கும் வாக்குக்கும் இருந்த பிணைப்பை அறுக்க வேண்டுமென்று அண்ணல் எழுப்பிய குரல், 1950-இல் அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவாக நிலைபெற்றது.

சட்டமன்றத்தில் கேட்ட கணக்கு

1927-இல் மும்பைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினராக அண்ணல் நுழைந்தார். அவருடைய தொடக்க உரைகளுள் ஒன்று வரவு செலவுத் திட்டத்தைப் பற்றியது. அன்று ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்த வருமானம் உடையவர்க்கு வருமான வரி கிடையாது. வருமானம் உயர உயர வரி விகிதமும் உயர்ந்தது. ஆனால் நிலவரியில் இந்த இரக்கம் இல்லை. ஓர் ஏக்கர் வைத்திருந்தவனும் பெரும் ஜாகீர்தாரனும் ஒரே விகிதத்தில் செலுத்தினர். விளைந்தாலும் பொய்த்தாலும் வரி நின்றது. நிலவரிக்கும் படிநிலை ஏன் இருத்தல் கூடாது, ஏழை உழவனுக்கு விலக்கு ஏன் இல்லை என்று அண்ணல் வினவினார். நியூயார்க்கில் செலிக்மனிடம் கற்ற பாடம் மும்பை மன்றத்தில் குடியானவனின் வழக்காக உருவெடுத்தது.

அவ்வாண்டு மார்ச்சில் கல்வி மானியம் பற்றிப் பேசும்போது, அவர் இரண்டு எண்களை அருகருகே வைத்தார். மாகாணத்தில் தலைக்குக் கல்விக்கெனச் செலவிடப்பட்டது 14 அணா. மதுத் தீர்வையாகத் தலைக்குத் திரட்டப்பட்டதோ 2 ரூபாய்க்கு மேல். மக்களிடம் குடியின் பெயரால் வாங்கும் தொகையையேனும் அவர்தம் பிள்ளைகளின் கல்விக்குத் திருப்பித் தருதல் நியாயம் என்பது அவர் வாதம். தொடக்கப் பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர் என்பதையும் அவர் சுட்டிக் காட்டினார். ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு, அண்ணலின் உரைகளுள் இதுவே நெஞ்சுக்கு நெருக்கமானது. உணர்ச்சி மேலிடப் பேசி நம்மை இரங்கச் செய்யாமல், அரசின் கணக்கைக் கொண்டே அரசை அவர் கேள்வி கேட்டார்.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, 1937 தேர்தலில் வெற்றி கண்ட அண்ணல், அவ்வாண்டு செப்டம்பரில் கோத்தி முறை ஒழிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். கொங்கணப் பகுதியில் அரசுக்கும் குடியானவனுக்கும் இடையே நின்று வரி வசூலித்தவர் கோத் எனப்பட்டார். அரசுக்குச் சேர வேண்டியதற்கு மேலும் குடியானவனிடமிருந்து கறந்த இடைத்தரகர் அவர். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் அண்ணலின் தலைமையில் மும்பைச் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். குடிமகனுக்கும் அரசுக்கும் இடையில் தரகன் நிற்கலாகாது என்பதே அப்போராட்டத்தின் பொருள்.

அரசியலமைப்பில் வரி

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்ற அண்ணல், தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு அரசுப் பணம் ஒதுக்க வேண்டுமென வைசிராயிடம் வலியுறுத்தினார். மெட்ரிக் படிப்புக்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் 1944-இல் நடைமுறைக்கு வந்தது. இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பட்டதாரிகளுள் அவ்வுதவித்தொகை பெறாதார் மிகச் சிலரே. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னைக்கும் வருகை தந்து, அண்ணல் கூட்டங்களில் உரையாற்றினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் சித்தார்த்தா கல்லூரியும், 1953-இல் வணிகவியலுக்கும் பொருளியலுக்கும் தனியே ஒரு கல்லூரியும் அக்கழகத்தின் சார்பில் மும்பையில் எழுந்தன.

1947 ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். அவ்வரைவில் நிதி பற்றிய பிரிவுகளைப் படிக்கும்போது பழைய பொருளியல் மாணவரை நாம் காண்கிறோம். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்பது 265-ஆம் பிரிவு. வரிப்பணத்தை மத்திய அரசும் மாநிலங்களும் பங்கிடும் முறையைப் பரிந்துரைக்க நிதி ஆணையம் அமைக்க வேண்டும் என்பது 280-ஆம் பிரிவு. வேளாண் வருமானம் நீங்கலான வருமானத்தின் மீதான வரி மத்திய அரசுக்கும், வேளாண் வருமான வரியும் தொழில் வரியும் மாநிலங்களுக்கும் பட்டியலிடப்பட்டன. அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயையும் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்கு அதிகாரியே அரசியலமைப்பில் மிக இன்றியமையாத அலுவலர் என்று, 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் கருத்துரைத்தார். வாக்குக்கு வரி ஒரு தகுதியாக இருத்தலாகாது என்று போராடியவர், வரிக்கு அரசு கணக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பதைச் சட்டமாகவும் ஆக்கினார்.

நமக்குரிய பாடம்

நம் தாத்தாக்களின் பெயர் வரிப் பதிவேட்டில் இல்லை. நம் பிள்ளைகளின் பெயர், பான் எண் என்னும் பத்து எழுத்தெண்களோடு, இன்று அப்பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஏட்டைத் தாமே படித்தறிய வேண்டுவன சிலவற்றை, ஆசிரியன் என்ற முறையில் இங்கே தொகுத்துரைக்கிறேன்.

முதலாவது, வரம்பை அறிதல். 2025-26 நிதியாண்டுக்குரிய புதிய முறையில், 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்குமேல் 8 லட்சம் வரை நூற்றுக்கு 5, 12 லட்சம் வரை நூற்றுக்கு 10 எனப் படிப்படியாக ஏறி, 24 லட்சத்துக்கு மேல் நூற்றுக்கு 30 ஆகிறது. மொத்த வருமானம் 12 லட்சத்துக்கு மிகாதவர்க்கு, பங்கு விற்பனை ஆதாயம் போன்ற சிறப்பு வகைகள் நீங்கலாக, வரி முழுவதும் தள்ளுபடியாகிறது. சம்பளம் பெறுவோருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உண்டு. ஆயினும், வரி இல்லையென்பதால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுவதில்லை என்று கருதுதல் தவறு. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமாயினும் தாக்கல் கட்டாயம். இவ்விகிதங்களை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் மாற்றக்கூடும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் இயற்றப்பெற்ற புதிய வருமான வரிச் சட்டமும் 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்டது. ஆகவே அவ்வவ் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, பிடித்ததைத் திரும்பப் பெறுதல். ஒருவர் ஒரு நிறுவனத்துக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தம் எடுத்து, ஆண்டில் 6 லட்சம் ரூபாய் பெறுகிறார் எனக் கொள்வோம். டி.டி.எஸ். என்று வழங்கும் மூலப்பிடித்தமாக, நூற்றுக்கு 1 வீதம் 6,000 ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைத் தருவர். அவர் பான் எண்ணைத் தரவில்லையென்றால், பிடித்தம் நூற்றுக்கு 20 ஆகி, 1,20,000 ரூபாய் போய்விடும். வேறு வருமானம் இல்லாத அவருக்குச் செலுத்த வேண்டிய வரியே இல்லை. எனினும் கணக்குத் தாக்கல் செய்தாலன்றி அப்பணம் திரும்பி வாராது. நம்மவர் பணம் இவ்வாறு கேட்பாரற்றுக் கிடத்தல் ஆகாது.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்த்தல். வேலை கொடுத்தவர் தரும் பிடித்தச் சான்றிதழ் (நெடுங்காலமாகப் படிவம் 16 என வழங்கியது), வங்கிக் கணக்கு ஏடு, வருமான வரித்துறையின் இணையதளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். வைப்புத்தொகை வட்டியையும் மறவாமல் சேர்த்தல் வேண்டும். சம்பளக்காரர் பெரும்பாலோர்க்குத் தாக்கலின் கடைசி நாள் ஜூலை 31. சில ஆண்டுகளில் அது நீட்டிக்கப்பட்டதும் உண்டு. தாக்கல் செய்தபின் 30 நாள்களுக்குள் ஆதார் வழியாகவோ வேறு வழியாகவோ அதை உறுதி செய்தால்தான் அது நிறைவுபெறும். இத்தளத்தில் தாக்கல் செய்யக் கட்டணம் ஏதுமில்லை.

நான்காவது, பொய்க் கணக்கை விலக்குதல். கொடாத வாடகைக்கும், செய்யாத நன்கொடைக்கும் கழிவு கேட்டு, பெருந்தொகை ரீஃபண்ட் வாங்கித் தருவதாகச் சொல்லி, அதில் பங்கு கேட்கும் தரகர்கள் உளர். 2025 ஜூலையில் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில், வருமான வரித்துறை இத்தகையோர் இடங்களில் சோதனை நடத்தியது. வருமானத்தைத் திரித்துக் காட்டினால், அதற்குரிய வரியைப்போல் இருமடங்கு தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அத்தண்டம் தரகரைச் சாராது, கணக்குக்கு உரியவரையே சாரும். கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுப்பது, வெற்றுத்தாளில் கையொப்பமிடுவதற்கு ஒப்பாகும். உதவி வேண்டுமாயின் தகுதி பெற்ற ஆடிட்டரை நாடுக. அவர் எழுதியதைத் தாமே படித்துப் பார்த்த பின்னரே ஒப்புதல் தருக.

மேலும் இரண்டு ஐயங்களை நீக்குதல் நலம். பட்டியல் சாதியினர் என்பதற்காக வருமான வரியில் தனி விலக்கு ஏதும் இல்லை. வடகிழக்கு மாநிலங்கள் போன்ற குறித்த பகுதிகளில் வாழும் பழங்குடியினர்க்கே அத்தகைய விலக்கு உண்டு. ஆயின், கல்விச் செலவுக்கென அளிக்கப்படும் உதவித்தொகைக்கு எவர்க்கும் வரி கிடையாது. தொழில் வரி என்பது இதனின் வேறானது. அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மிகாத அவ்வரியை, 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுதோறும் பெறுகின்றன.

அரசு வாங்கும் வரி இத்தோடு முடிவதில்லை. வருமான வரி வரம்புக்குள் வாராத நம் துப்புரவுத் தொழிலாளியும், கட்டட வேலைக்குச் செல்லும் தாயும், கடையில் வாங்கும் பொருள்களின் விலையோடு சரக்கு சேவை வரியைச் செலுத்தியே வருகின்றனர். ஆகவே, நாங்கள் வரி கட்டுகிறோம், நீங்கள் சலுகை பெறுகிறீர்கள் என்று எவரேனும் நம் பிள்ளைகளிடம் கூறினால், அவர்கள் தலைகுனிய வேண்டுவதில்லை. அண்ணல் 1927-இல் செய்தது போல, யார் எவ்வளவு தருகின்றனர், யாருக்கு எவ்வளவு போகிறது என்று எண்களை அருகருகே வைத்துக் காட்டினால் போதும். தெருவுக்கு விளக்கு வரவில்லையெனில், விடுதியில் உணவு சரியில்லையெனில், ஒதுக்கிய நிதி எங்கே சென்றது என வினவும் உரிமை அதனின்று பிறப்பதே.

1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல், அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் மறைந்தார். 1990-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. அவர்தம் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை அணிவிக்கும் நம் சங்கம், இவ்வெள்ளிவிழா ஆண்டில் ஒரு சிறு பணியை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். ஜூன், ஜூலைத் திங்கள்களில் ஞாயிறு மாலைதோறும், நம் படிப்பகத்தில் வணிகவியல் பயின்ற இளைஞர் இருவர் அமர்ந்து, உறுப்பினர்க்குத் தம் கணக்கைத் தாமே படிக்கவும் தாக்கல் செய்யவும் கற்றுத் தரலாம். வருகிற பெரியவர்கள் தம் பேரப்பிள்ளைகளை உடன் அழைத்து வருக. சங்கத்தின் வரவு செலவு ஏடும் அதே மேசையில், எவரும் புரட்டிப் பார்க்கும் வண்ணம் திறந்து வைக்கப்படுக.